இத்தா நாட்களில் ஒரு கணினி

நஜ்முன்னிசாவின் கணவர் அப்துல் அஜீஸ் இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் கடை திறக்கப் போனவர் ஷட்டரைப் பாதி தூக்கினார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காஜா பேராங் சாலையில் அந்தச் சின்னப் புகைப்படக் கடையைப் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பத்தொன்பது வருடம் நடத்தியிருந்தார்கள். படம் எடுப்பது அவர். எடுத்த படத்தைக் கணினியில் போட்டு ஒழுங்கு செய்வது இவள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்துச் சட்டைப் பொத்தான் கழன்று வருவார்கள். வாழ்நாளில் கோட்டு போட்டறியாத லாரி ஓட்டுநருக்குக்கூட நஜ்முன்னிசா திரையிலேயே கோட்டும் டையும் மாட்டிவிடுவாள். கழுத்து எங்கே முடிகிறது, காலர் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. குழந்தை இல்லை. அந்தக் கடைதான் அவளுக்குப் போக்கிடம், வரவிடம் எல்லாம்.

அவர் இறந்த அன்றே இத்தா தொடங்கிவிட்டது. கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டிலேயே இருக்கவேண்டும். அலங்காரம் கூடாது, அவசியமில்லாமல் வெளியே போகக் கூடாது. நஜ்முன்னிசாவுக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை. அழுவதற்கு நாள் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள் என்றுதான் முதல் மாதம் நினைத்தாள். துணைக்கு அஜீஸின் அண்ணன் முகைதீனும் அவர் மனைவி பீவியும் பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தார்கள். அது அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்த வீடு. வரவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை. முன்னறை அவர்களுடையதாயிற்று. நஜ்முன்னிசா பின்னறைக்குப் போனாள். அந்த அறையின் சன்னலைத் திறந்தால் சாக்கடையும் பக்கத்து வீட்டுச் சுவரும் தெரியும்.

அந்தப் பின்னறையில்தான் அஜீஸ் கடைசியாக வாங்கிய புதுக் கணினி இருந்தது. மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள்.

அதை அவர் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. களவு மென்பொருள் வைத்திருக்கும் கடைகளில் அந்த வருடம் அதிகாரிகள் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடையில் இருந்த பழைய கணினியில் எல்லாமே களவுதான். அசல் வாங்குவது தன்னால் ஆகாது என்று அஜீஸ் லினக்ஸ் பக்கம் திரும்பினார். அதன் குறுந்தட்டு இலவசமாகவே தபாலில் வந்தது. புதுப் பெட்டியை வீட்டில் வைத்துத் தானே அதை ஏற்றினார். பிறகு படவேலைக்குத் திரை துல்லியமாக இருக்கவேண்டும் என்று ஒரு சனிக்கிழமை தனியாகக் கிராபிக்ஸ் அட்டை ஒன்று வாங்கிவந்து செருகினார். அன்றிலிருந்து திரை கறுத்துவிட்டது. ஞாயிறும் திங்களும் அதோடு மல்லுக்கட்டினார். செவ்வாய் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் முகைதீன் கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். இத்தாவில் இருப்பவள் முன் நேரே வரமாட்டார், அதில் கண்டிப்பானவர்.

"நஜ்மு, வட்டாரக் குழுவிலேர்ந்து சேதுபதி வந்தாரு. சுதந்திர தின ஐம்பதாம் வருசக் கண்காட்சிக்குப் பழைய படம் இருபத்தேழு தம்பிகிட்ட கொடுத்தாங்களாம். திருப்பிக் கேக்குறாரு. வேற கடையில கொடுக்கப் போறாங்களாம்."

நஜ்முன்னிசாவுக்குத் திடுக்கென்றது. அந்தப் படங்கள் அலமாரிக்குள் பிஸ்கட் டின்னில் இருந்தன. ஐம்பத்தேழில் இந்தத் தெருக்களில் நடந்த ஊர்வலம், தோரணம் கட்டிய லாரி, கையில் கொடியோடு வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள். வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கியவை. கரையான் அரித்தது, மடிப்பில் கிழிந்தது, தண்ணீர் பட்டு முகம் கரைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய். அஜீஸ் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து ஒரு குறுந்தட்டில் பதிந்து வைத்திருந்தார். சீர்செய்வதுதான் பாக்கி. அது அவளுடைய வேலை.

"மச்சான், நான் செஞ்சு தர்றேன்னு சொல்லுங்க. கடையில இருக்கிற பழைய கம்ப்யூட்டரை மட்டும் இங்க கொண்டாந்து போடச் சொல்லுங்க."

"அது என் மளிகைக் கடையில இல்ல இருக்கு? பில்லு போடுறதுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். இந்த நேரத்துல உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? சேதுபதிகிட்ட நான் சொல்லிக்கிறேன். இத்தா முடியட்டும், பாத்துக்குவோம்."

எதைக் கேட்டாலும் இதே பதில்தான். கடைச் சாவி எங்கே என்றால், இத்தா முடியட்டும். கணவரின் கைபேசி எங்கே என்றால், வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள், என்னிடமே இருக்கட்டும், இத்தா முடியட்டும். முகைதீன் குரலில் கோபம் இருக்காது. அதனாலேயே சண்டை போடவும் வழியில்லை. இத்தாவை அவளுக்கு இறைவன் விதித்தான். மற்றதையெல்லாம் விதிக்கிறது யார் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாக யோசித்தாள்.

அவர் போனபின் படுக்கை விரிப்பை உருவி எறிந்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு நீலமாய் ஒரு பெட்டி வந்து, வரைகலையைத் தொடங்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. சரி என்று தட்டினால் கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல்மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கி மினுக்கி நின்றது. திரும்ப அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு. கணினி வாங்கிய கடைக்குப் போன் போட்டாள். விண்டோஸ் என்றால் பார்ப்போம், லினக்ஸ் எங்களுக்குத் தெரியாது என்று வைத்துவிட்டார்கள்.

கருணாகரன் ஞாபகம் அப்போதுதான் வந்தது. செங் என்ற ஊர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். லினக்ஸ் பைத்தியத்தை அஜீஸுக்குப் பிடிக்கவைத்தவனே அவன்தான். துக்கம் கேட்கக் கூப்பிட்டபோது கொடுத்த எண்ணைப் பீவி நாட்காட்டியின் பின்னால் எழுதி வைத்திருந்தாள். காலை வேலை மூன்று மணிக்கு முடியும், நாலு மணிக்குக் கூப்பிடுங்கள் அக்கா என்றான் கருணாகரன்.

வீட்டுத் தொலைபேசி முன்கூடத்துச் சுவரில் இருந்தது. கணினி பின்னறையில். இரண்டுக்கும் நடுவே பதினெட்டு காலடித் தூரம். அவன் சொல்வதைத் தாளில் எழுதிக்கொண்டு ஓடுவாள், தட்டுவாள், திரையில் வந்ததை எழுதிக்கொண்டு திரும்பி ஓடிவருவாள்.

முதல்நாளே ஒரு முட்டுக்கட்டை. கணினி கடவுச்சொல் கேட்டது.

"அண்ணன் என்ன வச்சிருப்பாரு அக்கா?"

"தெரியலியே தம்பி."

"யோசிச்சுப் பாருங்க. தட்டுறப்ப திரையில ஒண்ணும் தெரியாது. பயப்படாம தட்டுங்க."

முதலில் தன் பெயரைத் தட்டினாள். தவறு என்றது. 'நஜ்மு' என்று சுருக்கித் தட்டினாள். அதுவும் தவறு. யாரும் பார்க்காவிட்டாலும் வெட்கமாக இருந்தது. கல்யாண நாள், மோட்டார் சைக்கிள் எண், மாமனார் பெயர், எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பதாவதாகக் கடைத் தொலைபேசி எண்ணைத் தட்டினாள். திறந்துகொண்டது. கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், "கெடச்சிருச்சு தம்பி" என்றாள். எது என்று அவன் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஐந்து வாரம் இதே பாடு. ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வான். இடைவெளி உண்டா இல்லையா, சாய்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, எழுத்து பெரியதா சின்னதா என்று அவள் கேட்டுக் கேட்டு எழுதுவாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் அதற்கு மேல் மூன்று வருடமும் படித்தவள். அர்த்தம் புரியாத எழுத்துகளைக் கோழி பொறுக்குகிறமாதிரி ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒருநாள், அட்டையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளுக்கு வேறொரு பெயரை மாற்றிப் போட்டதில் கறுப்பில் மினுக்கிய கோடும் போய்விட்டது. மூன்று நாள் திரை அடியோடு செத்துக் கிடந்தது. அந்த மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஏன்டி இப்படி உசிர விடுற?" என்றாள் பீவி, சோற்றுத் தட்டை நீட்டி. "மிஷினு அது. வந்தா வருது, வராட்டிப் போவுது."

"வெளியதான் போகக் கூடாது லாத்தா. உள்ள ஏதாச்சும் ஒண்ணு தொறக்கட்டுமே."

பீவி தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முகைதீனுக்கும் விஷயம் எட்டியது. அன்று திரைக்கு அப்பால் அவர் குரல் கொஞ்சம் கட்டியாக இருந்தது.

"தெனம் நாலு மணிக்கு ஒரு வேத்து ஆம்பளகூடப் போன்ல பேச்சாமே. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுனா?"

"தேவைக்குப் பேசலாம்னு பள்ளிவாசல் உஸ்தாஸ் வீட்டம்மா சொல்லிட்டாங்க மச்சான். நான் கேட்டுட்டுத்தான் பேசுறேன்." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "வேணும்னா லாத்தா பக்கத்துல நிக்கட்டும்."

மறுநாளிலிருந்து பீவி பக்கத்தில் நின்றாள். முகைதீன் நினைத்தது காவலுக்கு. ஆனால் கால்மணி நேரத்துக்குள் பீவி தொலைபேசியைத் தன் காதில் வைத்துக்கொண்டு, கருணாகரன் சொல்வதைப் பின்னறைக்குக் கேட்கும்படி கத்த ஆரம்பித்துவிட்டாள். "எல்லாம்! எஸ்ஸாம்! பியாம்!" அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. காதில் விழுந்த எழுத்தை விழுந்தபடியே அனுப்புவாள். அந்தப் பின்னறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

ஓட்டம் நின்றதில் நஜ்முன்னிசாவுக்கு முதல்முறையாகத் திரைமுன் நிதானமாக உட்கார முடிந்தது. கணினிக்குள் என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று பட்டியல் போடும் கட்டளை ஒன்று உண்டு. அதில் திரைக்கான பாகத்தைக் காட்டும், விஜிஏ என்ற சொல் உள்ள வரியைப் படிக்கச் சொல்லி முன்பே மூன்று நான்கு தடவை கேட்டிருந்தான் கருணாகரன். ஒவ்வொரு தடவையும் அவள் அந்த வரியை எழுதிக்கொண்டு ஓடிவந்து படித்திருந்தாள். இப்போது அவசரமில்லாமல் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக்குச் சற்று முன்னால் விரல் நின்றது.

"லாத்தா, தம்பிகிட்டக் கேளுங்க. விஜிஏன்னு ரெண்டு வரி இருக்கலாமா?"

பீவி கேட்டாள்.

"ரெண்டு இருக்கான்னு கேட்டுட்டு ஒன்னையே வந்து பேசச் சொல்றான்" என்றாள் பீவி.

நஜ்முன்னிசா கூடத்துக்கு வந்தாள். "ஆமா தம்பி. மேல ஒண்ணு, சைபர் சைபர், ரெண்டுன்னு ஆரம்பிக்குது. கீழ ஒண்ணு, சைபர் ஒண்ணுன்னு. நீ ஒரு வரிதான் கேட்ட, நான் மொத வரியவே சொல்லிட்டிருந்தேன்."

"ஐயோ அக்கா." அவன் தலையில் கை வைத்தது குரலிலேயே தெரிந்தது. "போர்டுலயே ஒரு கிராபிக்ஸ் இருக்கு. அண்ணன் லினக்ஸ் போட்டப்ப அதுதான் இருந்திருக்கு. அந்த இடத்தோட எண்ணை ஃபைல்ல எழுதி வச்சுருச்சு. அப்புறம் அண்ணன் புது அட்டையைச் செருகி ஒயரை அதுல மாத்திட்டாரு. நாம ரெண்டு பேரும் இத்தனை நாளா டிரைவரையே மாத்திட்டு இருந்தோம். அது என்னடான்னா ஒயரே இல்லாத பக்கம் படத்தை அனுப்பிட்டு உக்காந்திருக்கு."

அந்தக் கோப்பைத் திறந்தாள். எண் இருந்த வரியைத் தேடிப் பிடிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று. சைபர், ரெண்டு, சைபர் என்றிருந்ததை ஒண்ணு, சைபர், சைபர் என்று திருத்தினாள். டிரைவர் பெயரை எந்த அட்டைக்கும் பொருந்தும் சாதாரணமானதாக மாற்றச் சொன்னான். சேமித்து, அணைத்து, மறுபடி போட்டாள். வெள்ளை எழுத்துகள் ஓடின. கறுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது திரை முழுக்கப் பழுப்பு நிறம் பரவி, நடுவே அம்பு நின்றது. சுட்டியை அசைத்தாள், அம்பும் அசைந்தது.

"என்ன ஆச்சு?" என்று கூடத்திலிருந்து பீவி கத்தினாள்.

நஜ்முன்னிசா எழுந்துபோய்ப் பீவியின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். "இவ்வளவுதானா?" என்றாள் பீவி. ஆனாலும் கையை எடுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

இத்தா முடிய அப்போது இருபத்தோரு நாள் இருந்தது. படங்களை மூன்று வாரத்தில் தருவதாகச் சேதுபதிக்குத் தானே போன் போட்டுச் சொன்னாள், முகைதீனிடம் கேட்கவில்லை. புது மென்பொருளில் ஒரு பொத்தானும் பழைய இடத்தில் இல்லை. படம் வெட்டும் கத்தரிக்கோல் பொத்தானைத் தேடுவதற்கே அரைநாள். அப்புறம் கை பழகிவிட்டது. கிழிசலை மூடினாள், கரையான் தின்ற வானத்தை மறுபடி வரைந்தாள். இருபத்தேழில் இருபத்திரண்டு முடிந்தது. மீதி ஐந்தில் முகங்களே இல்லை. இல்லாத முகத்தை அவளால் போடமுடியாது. மேலும் அது யாரோ ஒருவருடைய தகப்பனாரின் முகம்.

இத்தா முடிந்த அன்று குளித்து, தொழுது, வெளிர்பச்சைப் பாஜு கூரோங் அங்கி உடுத்திக்கொண்டு, படங்கள் பதிந்த தட்டைக் கைப்பையில் போட்டு வெளியே இறங்கினாள். நான்கு மாதம் கழித்து மேலே விழுந்த வெயில் கண்ணைக் குத்தியது. நேரே கடைக்கு நடந்தாள். அச்சிடும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது; சாவியை மச்சானிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம், முதலில் கடையை ஒருதடவை கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்றிருந்தது.

ஷட்டர் திறந்திருந்தது. பலகை மாறியிருந்தது. உள்ளே கண்ணாடி அலமாரிகளில் கைபேசிகள் அடுக்கியிருந்தன. ஒரு சீனப் பெண், "என்ன வேணும் கக்கா?" என்று மலாயில் கேட்டாள். எப்போது வந்தீர்கள் என்று நஜ்முன்னிசா கேட்டாள். ஜூன் மாதம் என்றாள் அந்தப் பெண். நஜ்முன்னிசா தன் மேசை இருந்த மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு தண்ணீர்க் குடுவை இருந்தது.

முடிதிருத்தும் கடைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, தெரியாதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முகைதீன் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது நடுவே திரை இல்லை. ஆனாலும் அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"ஆளில்லாத கடைக்கு வாடகை எதுக்குன்னு விட்டுட்டேம்மா. மிஷினையும் ஒருத்தன் கேட்டான், கொடுத்துட்டேன். இத்தாவுல இருக்கிற பொண்ணுகிட்ட இதையெல்லாம் சொல்லி எதுக்கு மனசக் கெடுக்கணும்னுதான்."

"கேட்டிருக்கலாம் மச்சான்."

"கேட்டா நீ வேணாம்னுதானே சொல்லியிருப்ப?"

"ஆமா. வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அவர் கெட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் வலி குறையவில்லை. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு மாதம் பத்து நாள் என்று நாள் எண்ணியதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. எண்ணி முடித்தால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பில்தானே எண்ணினாள்.

மறுநாள் பஸ் ஏறிப் பட்டணத்தில் ஓர் அச்சுக்கடைக்குப் போய் இருபத்திரண்டு படத்தையும் பெரிதாக அச்செடுத்துச் சேதுபதியிடம் கொடுத்தாள். கண்காட்சியைச் சமூக மண்டபத்தில் வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் ஊர்வலப் படத்தின் முன் நின்றுகொண்டு, லாரிக்குப் பக்கத்தில் நிற்கும் பையன் தான்தான் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கருணாகரனும் வந்திருந்தான். குரலை வைத்து உயரமானவன் என்று நினைத்திருந்தாள். அவள் தோளுக்குத்தான் வந்தான். ஐந்து வாரம் தினமும் பேசியவர்களுக்கு நேரில் பார்த்தபோது பேச எதுவும் கிடைக்கவில்லை. "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டாள். "ஆச்சுக்கா" என்றான். இருவரும் படங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

கடை அப்புறம் அமையவேயில்லை. கண்காட்சியைப் பார்த்தவர்கள் பழைய படங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். கிளேபாங்கிலிருந்தும் குருபோங்கிலிருந்தும் வாரத்துக்கு மூன்று நாலு பேர். அவர்கள் முன்கூடத்தில் முகைதீனோடு உட்கார்ந்து பேசுவார்கள். படத்தைப் பீவி வாங்கி உள்ளே கொடுப்பாள். நஜ்முன்னிசா அதே பின்னறையில், அதே சுவரைப் பார்த்த சன்னலடியில் வேலை செய்தாள். தட்டுமுட்டுச் சாமான் வாங்கப் போகலாம், தொழுகைக்குப் போகலாம், யாரும் தடுக்கவில்லை. போனால் திரும்பி வருகிற இடம் அதுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை லினக்ஸில் புதுப் பதிப்பு வந்துவிட்டது, மாற்றட்டுமா என்று கணினி கேட்கும். கருணாகரனும் கூப்பிட்டுச் சொல்வான், மாற்றிவிடுங்கள் அக்கா, பழசை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று. இருக்கட்டும் தம்பி என்பாள். மறுபடி கறுத்துவிட்டால் என்கிற பயம். அப்படியே இரண்டு வருடம் ஓட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை முகைதீன் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார், பீவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் ஒரு சத்தமில்லை. கணினி வழக்கம்போலக் கேட்டது. நஜ்முன்னிசா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடித்த படங்களைத் தட்டில் பதிந்து எடுத்து வைத்தாள். பிறகு சரி என்று அமுக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து காவல் காக்கவில்லை. அரிசி களையப் போய்விட்டாள்.

திரும்பி வந்து பார்த்தபோது திரை வந்திருந்தது. எழுத்துகள்தான் எறும்பு போலச் சிறுத்துப்போயிருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யாருக்கும் போன் போடவில்லை. அவர்கள் இருவரும் வீடு திரும்புவதற்குள் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டாள்.